உற்றவரும் ஆய்வாளரும்: மருத்துவ ஆய்வில் சமநீதி குறித்த ஓர் அறவியல் நோக்கு

மருத்துவம் ஒருவரது நோயைத் தீர்ப்பதை நோக்கமாகக் கொண்டது. மருத்துவ ஆய்வோ அறிவைப் பெருக்குவதை நோக்கமாகக் கொண்டது. முன்னதில் நோயாளியே பயன்பெறுநர். பின்னதில் அவர் பயன்பெறலாம், பெறாமலும் போகலாம். பெரும்பாலும் பயன்பெறுவோர் பின்னாளில் எங்கோ வாழவிருக்கும் பிறரே ஆவர். இவ்விரு செயல்களும் ஒரே மருத்துவமனையில், ஒரே கட்டிலின் அருகில், ஒரே மருத்துவரால் நிகழ்த்தப்பெறும்போது ஓர் அறச்சிக்கல் எழுகின்றது. யாருடைய உடல் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது, யாரிடம் அதற்கான இசைவு கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கத் தேவையில்லை என்று கருதப்படுகிறது என்னும் வினாக்களில் இனம், நிறம், சாதி, வறுமை, மொழி ஆகியன சொல்லாமலே நுழைந்துவிடுகின்றன. திருவனந்தபுரத்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கி 2001இல் வெளிச்சத்திற்கு வந்த ஒரு நிகழ்வை மையமாகக் கொண்டு இச்சிக்கலை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

நால்வரும் ஐந்தாமவரும்

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காண்கிறது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. இந்நால்வகைப் பகுப்பு வடமொழி மருத்துவ நூல்களிலும் உண்டு. ஆயினும் அந்நூல்கள் பொதுவாக மருத்துவனை முதற்கண் வைக்க, வள்ளுவர் ‘உற்றவன்’ என நோயாளியை முதற்கண் வைத்தமை கருதத்தக்கது. யாப்பின் தேவையால் அவ்வாறு அமைந்தது எனக் கொள்வாரும் இருக்கலாம். ஆனால் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்று முந்தைய குறளும் நோயாளியையே முன்னிறுத்துவதால், இவ்வைப்புமுறையைப் பொருளற்றதெனத் தள்ளிவிடுதல் இயலாது.

இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் நால்வர்க்கும் தனித்தனியே நந்நான்கு இயல்புகளைக் கூறுகிறார். நோயாளிக்கு அவர் கூறும் இயல்புகள் ஈண்டு முதன்மையானவை. அவன் பொருளுடையவனாக இருத்தல் வேண்டும்; மருத்துவன் சொல்வழி நிற்றல் வேண்டும்; தன் நோயின் நிலையை எடுத்துரைக்க வல்லவனாதல் வேண்டும்; மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் வேண்டும். கேரளத்தில் இன்றும் வழக்கிலிருக்கும் வாக்படரின் அட்டாங்க இருதயமும் ஏறத்தாழ இவ்வியல்புகளையே நோயாளிக்கு உரைக்கிறது.

இந்நான்கனுள் ‘மருத்துவன் சொல்வழி நிற்றல்’ என்பது, மருத்துவனின் நோக்கம் நோய் தீர்த்தல் ஒன்றே என்னும் நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. மருத்துவன் நோயாளியின் பொருட்டே செயற்படுகிறான் எனில் அவன்வழி நிற்றல் அறிவுடைமை. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவமனையில் ஐந்தாமவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் ஆய்வாளர். அவர் தனியே வரவில்லை. தீர்ப்பவரின் வெள்ளை அங்கியை அணிந்துகொண்டே வந்தார். நோயாளிக்குத் தெரிந்தவர் மருத்துவர் மட்டுமே. எனவே மருத்துவரை நம்பிச் செய்யும் செயல்களையெல்லாம் அவர் ஆய்வாளருக்கும் செய்துவிடுகிறார். உரையாசிரியர் நற்பண்பாகக் கூறிய கீழ்ப்படிதலே இவ்விடத்தில் நோயாளிக்கு இடர் தருவதாக மாறிவிடுகிறது. பொருளுடைமையும் எடுத்துரைக்கும் வன்மையும் இல்லாத நோயாளிக்கு இவ்விடர் பன்மடங்காகும். இனமும் சாதியும் மருத்துவ ஆய்வுக்குள் நுழையும் வாயில் பெரும்பாலும் இதுவே.

தம்பானூர் வழியே

தம்பானூர் திருவனந்தபுரத்தின் நுழைவாயில். 1931இல் திறக்கப்பெற்ற தொடர்வண்டி நிலையமும் அதன் எதிரிலுள்ள பேருந்து நிலையமும் அங்கு உள்ளன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதுவரை அப்பகுதித் தமிழர்க்குத் தலைநகராக இருந்தது திருவனந்தபுரமே. ஆட்சி எல்லை மாறிய பின்னரும் நோயுற்றோரின் வழி மாறவில்லை. நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருவோர் தம்பானூரில் இறங்கி, வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவக் கல்லூரி வளாகத்திற்குச் செல்கின்றனர். அவ்வளாகத்தில்தான் 1981இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையமும் சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மருத்துவமனையும் அமைந்துள்ளன. தொலைவிலிருந்து கடன் வாங்கி வரும் ஒருவர்க்குத் திரும்பிச் செல்ல வேறு மருத்துவமனை இல்லை என்பதை மனத்திற்கொண்டே பின்வரும் நிகழ்வை நோக்க வேண்டும்.

1999, 2000ஆம் ஆண்டுகளில் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகள் இருபத்தைந்துக்கும் சற்று மேற்பட்டோர்க்கு ஒரு புதிய வேதிப்பொருள் புற்றுக்கட்டியினுள் ஊசி வழியே செலுத்தப்பட்டது. அமெரிக்கப் பாலைநிலங்களில் வளரும் ஒரு புதர்ச்செடியில் காணப்படும் பொருளிலிருந்து ஆக்கப்பட்டது அது. அதனை உருவாக்கியவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைப் பேராசிரியர் ஒருவர். 2001ஆம் ஆண்டு நடுவில் மையத்தின் மருத்துவர் ஒருவரே இவ்வாய்வின் முறைகேடுகளை வெளிப்படுத்தினார். செய்தி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தன் விசாரணையின் முடிவை வெளியிட்டது. மனிதர் மீது ஆய்வு நடத்துதற்கு முன் பெற வேண்டிய தன் நிறுவன அறநெறிக் குழுவின் இசைவை அப்பேராசிரியர் பெறவில்லை என்றும், மனிதர்க்குச் செலுத்துமுன் விலங்குகளிடத்துச் செய்திருக்க வேண்டிய பாதுகாப்புச் சோதனைகள் போதுமானவையாக இல்லை என்றும், நோயாளிகளிடம் இசைவு பெற்ற முறை நிறைவானதன்று என்றும் அது ஏற்றுக்கொண்டது. மனிதர் மீதான ஆய்வுகளுக்குத் தலைமை தாங்குவதிலிருந்து அவர் விலக்கப்பட்டார். இந்தியாவிலும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முன் இசைவு பெறப்படாமை தெரியவந்தது.

அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து அவரறியாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள், இன்றளவும் உலகின் ஆய்வகங்கள் அனைத்திலும் வளர்க்கப்படுகின்றன. அவருடைய குடும்பத்தார் அவ்வணுக்களால் பயனடைந்த ஒரு நிறுவனத்தோடு இழப்பீட்டு உடன்பாடு காண 2023ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க அரசின் பொதுநலத்துறை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்கள் 399 பேரின் மேகநோய்க்குச் சிகிச்சையளிக்காமல், நோய் முற்றும் வகையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்ததையும் ஈண்டு நினைவுகூரலாம். அந்நிகழ்வு தந்த வெட்கத்தினால்தான் அமெரிக்காவில் அறநெறிக் குழுக்கள் சட்டத்தின் துணைபெற்றன. அத்தகைய காவல் பால்டிமோரில் வாழ்வோர்க்கு இருந்தபோது, அங்கிருந்து வந்த மருந்து திருவனந்தபுரத்தில் அக்காவலின்றியே செலுத்தப்பட்டது. ஆய்வாளரின் உள்நோக்கம் எதுவாயினும், இருவேறு மனிதர்க்கு இருவேறு அளவுகோல் வைக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

தீங்கு நேராவிடின் குற்றமில்லையா?

இந்நிகழ்வு குறித்த விவாதங்களில் ஒரு வாதம் மீண்டும் மீண்டும் எழுந்தது. நோயாளிகள் எவர்க்கும் மருந்தால் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. சிலர்க்குக் கட்டி சுருங்கவும் கூடும். அவ்வாறாயின் குற்றம் யாது என்பதே அது. இவ்வாதத்தை எளிதில் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. புதிய மருந்துகள் வானிலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் முதலில் உட்கொண்டாக வேண்டும். ஏழைகளை ஆய்வுகளிலிருந்து முற்றும் விலக்கிவிட்டால் அவர்களுடைய நோய்களுக்கு மருந்தே பிறவாது.

எனினும் இவ்வாதம் செயலின் அறத்தை அதன் விளைவைக்கொண்டு மட்டும் அளக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவன், எவர் மீதும் மோதவில்லை என்பதால் நன்கு ஓட்டியவன் ஆகான். அவன் பிறர் உயிரை வைத்துச் சூதாடினான். சூதில் தோற்கவில்லை, அவ்வளவே. இதனினும் ஆழமான குறை ஒன்று இருக்கிறது. ஒருவருடைய உடலை அவர் அறியாத ஒரு நோக்கத்திற்குப் பயன்படுத்துதல், அந்நோக்கம் நல்லதாயினும், அவரை ஒரு கருவியாக்கிவிடுகிறது. மனிதரைக் கருவியாக மட்டும் கொள்ளாதே என்று ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் கூறியது இதனையே. நோயாளியிடம் சொல்லப்படாதது மருந்தின் பெயர் மட்டுமன்று. தம் எதிரில் நிற்பவர் தீர்ப்பவரா, ஆய்வாளரா என்பதே அவரிடம் மறைக்கப்பட்டது. பரிமேலழகர் வழிநின்று கூறின், எந்த நம்பிக்கையால் அவர் மருத்துவன் சொல்வழி நின்றாரோ அந்நம்பிக்கை அவர் அறியாமல் வேறொரு பொருளுக்காகச் செலவிடப்பட்டது.

மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1969இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் இச்சிக்கலுக்கு ஒரு வரிசைமுறையைக் காட்டினார். ஆய்வுக்கு உடல் தருவோர் தேவையெனின் முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் ஆய்வாளர்களே. அடுத்து ஆய்வின் பொருளை நன்கறிந்தோரும், மறுத்துவிட்டு எழுந்து செல்லும் உரிமை மிகுதியாக உடையோரும் வரவேண்டும். அறிவாலும் பொருளாலும் உரிமையாலும் குறைந்தோர் அவ்வரிசையில் கடைசியிலேயே நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. மருத்துவ ஆய்வின் வரலாறு இவ்வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றி வந்துள்ளது. சிறைவாசிகள், அநாதைகள், மனநலமற்றோர், கறுப்பினத்தார், பழங்குடியினர் ஆகியோரே முதலில் அழைக்கப்பட்டனர். அல்லது அழைக்கப்படாமலே கொண்டுவரப்பட்டனர். இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் 1969இல் ஆங்கிலம் அறியாத தெற்காசியப் பெண்கள் 21 பேர்க்குக் கதிரியக்க இரும்பு கலந்த மாவினாலான சப்பாத்தி உண்ணக் கொடுக்கப்பட்டது. ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் நடைபெற்ற கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசித் திட்டத்தில் பழங்குடிச் சிறுமியர் பலர்க்குப் பெற்றோர்க்கு மாற்றாக விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டனர். இத்திட்டத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. மறுப்பதற்கு வழியற்றோர் கையொப்பம் எளிதில் கிட்டும் என்பதையே இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

அளப்பவரும் அளக்கப்படுவோரும்

‘இனவெறி’ என்னும் சொல் இந்தியச் சூழலுக்குப் பொருந்துமா என ஐயுறுவோர் உளர். திருவனந்தபுரத்து நிகழ்வு வெளிப்பட்ட 2001ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐக்கிய நாடுகள் அவையின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடைபெற்றது. சாதிக் கொடுமையை அதில் விவாதிக்க வேண்டும் என்று ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் வலியுறுத்த, சாதி வேறு இனம் வேறு என்று இந்திய அரசு மறுத்தது. கருத்தளவில் அவை வேறாயினும் மருத்துவத்தின் வரலாற்றில் அவை பின்னிக் கிடக்கின்றன.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மருத்துவம் பயின்றவர். தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து, அவ்வளவுகளைச் சாதிவாரியாக அட்டவணைப்படுத்தினார். ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளைத் தமிழாய்வாளர்கள் இன்றும் தரவு நூலாகப் பயன்படுத்துகின்றனர். அத்தரவுகளுட் பல, அளக்கப்படுவோர்க்கு எவ்விதப் பயனும் கருதாமல் எடுக்கப்பட்டவை என்பதை அப்பயன்பாட்டின்போது பலரும் கருதுவதில்லை.

அளக்கும் இடத்தில் யார் நிற்கலாம் என்பதையும் சாதியே தீர்மானித்தது. தம்பானூரிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள பேட்டையில் 1863இல் ஈழவக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பல்பு, திருவிதாங்கூரில் மருத்துவம் பயில வாய்ப்பு மறுக்கப்பட்டுச் சென்னையில் பயின்றார். பட்டம் பெற்றுத் திரும்பியபோது தாயகம் அவருக்கு அரசு மருத்துவப் பணியும் மறுத்தது. மைசூர் அரசு அவரை ஏற்றது. பெங்களூரில் 1898இல் கொள்ளைநோய் பரவியபோது அவர் ஆற்றிய பணி பலராலும் போற்றப்பட்டது. 1896இல் 13,176 ஈழவர்களின் கையொப்பத்தோடு திருவிதாங்கூர் மன்னர்க்கு அளிக்கப்பெற்ற விண்ணப்பத்தின் பின்னணியில் இருந்தவரும் அவரே. ஆய்வுக்குட்படுவோரைப் பாதுகாத்தல் சமநீதியின் ஒரு கூறு. ஆய்வாளரின் இருக்கையில் அமரும் வாய்ப்பு மற்றொரு கூறு. பின்னது இல்லாதவரை முன்னது கருணையாகவே இருக்கும், உரிமையாகாது.

தர்ஸ்டனின் கருவிகள் அருங்காட்சியகத்திற்குச் சென்றுவிட்டன. அவற்றின் எண்ணம் முற்றும் அகன்றுவிடவில்லை. நுரையீரல் கொள்ளளவை அளக்கும் கருவிகளில் ‘இனத்திருத்தம்’ என்னும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. கறுப்பினத்தார்க்கும் ஆசியர்க்கும் நுரையீரல் இயல்பாகவே சிறியது எனக் கொண்டு, அவர்களுக்குரிய ‘இயல்பான’ அளவு குறைத்து வைக்கப்பட்டது. புகையாலும் ஊட்டக்குறைவாலும் வறுமையாலும் சுருங்கிய நுரையீரலும் இதனால் இயல்பானதெனக் கணக்கிடப்பட வழி ஏற்பட்டது. சமூகம் செய்த கேட்டை இயற்கையின் கணக்கில் எழுதுதல் என இதனைக் கூறலாம். அமெரிக்க மார்புநோய்க் கழகம் 2023இல்தான் இனஞ்சாராத அளவைப் பரிந்துரைத்தது. சிறுநீரகத்தின் செயல்திறனைக் கணக்கிடும் வாய்பாட்டிலிருந்து இனக்காரணி 2021இல் நீக்கப்பட்டது. விரல்நுனியில் பொருத்தி உயிர்வளியை அளக்கும் கருவி, கறுத்த தோலுடையார்க்கு உண்மையினும் கூடுதலான அளவைக் காட்டக்கூடும் என்பது கொரோனாக் காலமாகிய 2020ஆம் ஆண்டில் மீண்டும் உறுதிப்பட்டது. இக்கருவியைச் செம்மைப்படுத்திய ஆய்வுகளில் கறுத்த தோலுடையார் போதிய அளவில் சேர்க்கப்படவில்லை. மருத்துவ ஆய்வின் அநீதி இவ்வாறு இருமுகங்கொண்டது. இடர் மிகுந்த ஆய்வில் சிலர் முன்னே தள்ளப்படுகின்றனர். பயன் மிகுந்த ஆய்வில் அவர்களே விடுபட்டுப் போகின்றனர்.

‘இருக்கும் மருத்துவம்’

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளில் குற்றம் எளிதில் தெரிகிறது. நல்ல நோக்கமும், முறையான அறநெறிக் குழுவின் இசைவும், பயனுள்ள முடிவும் உடைய ஆய்விலும் சிக்கல் எழக்கூடும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்ட ஆய்வு சான்றாகிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்ற அவ்வாய்வில் 114 பகுதிகள் இருகூறாகப் பிரிக்கப்பட்டன. ஒரு கூற்றில் 49,311 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றைக் கண்டறியும் எளிய பார்வைச் சோதனை செய்யும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. மறு கூற்றில் 30,958 பெண்கள் இருந்தனர். அவர்களுக்கு ஏற்கெனவே ‘இருக்கும் மருத்துவம்’ மட்டுமே தொடர்ந்தது. சோதனை பெற்ற பகுதிகளில் இந்நோயால் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என 2007இல் முடிவு வெளியிடப்பட்டது. மும்பையிலும் உஸ்மானாபாத் மாவட்டத்திலும் இத்தகைய ஆய்வுகள் நடைபெற்றன. மூன்று ஆய்வுகளிலும் சோதனை பெறாத பிரிவில் இருந்த பெண்கள் 1,38,624 பேர். அவர்களுள் 254 பேரேனும் இந்நோயால் இறந்தனர் என்று 2014இல் ஆய்வாளர் ஒருவர் சுட்டிக்காட்டியபோது கடும் விவாதம் எழுந்தது.

ஆய்வை நடத்தியவர்களின் விடை வலுவுடையது. அப்பெண்களுக்கு எந்தச் சோதனையும் முன்னரும் கிடைத்ததில்லை. ஆய்வு அவர்களிடமிருந்து எதனையும் பறிக்கவில்லை. பார்வைச் சோதனையின் பயன் நிறுவப்பட்டால்தான் அரசுகள் அதனை ஏற்கும் என்பதே அவ்விடை. உண்மையில் தமிழ்நாட்டின் பின்னாளைய கண்டறிதல் திட்டங்களுக்கு அத்தகைய சான்றுகள் துணைநின்றன. எனினும் ‘இருக்கும் மருத்துவம்’ என்னும் தொடரைச் சற்று நின்று நோக்க வேண்டும். வளமான நாடுகளில் பல பத்தாண்டுகளாக வழக்கிலிருந்த வேறொரு கண்டறிமுறை அப்பெண்களுக்கு இல்லை. அவ்வின்மை வரலாற்றால் விளைந்தது. அதனை ஆய்வின் ஓர் இயல்பான தொடக்கப் புள்ளியாக ஏற்றுக்கொண்டால், யார் எவ்வளவு புறக்கணிக்கப்பட்டிருக்கிறாரோ அவ்வளவுக்கு அவர் ஒப்பீட்டுக்கு ஏற்றவர் ஆகிவிடுவார். பால்டிமோரில் அத்தகைய ஒப்பீட்டுப் பிரிவை அமைத்தல் இயலாது, அம்பிளிக்கையில் இயலும். இதில் எந்தத் தனியாளும் இனவெறியர் அல்லர். இருப்பினும் உலகின் ஏற்றத்தாழ்வு ஆய்வுக்கான வசதியாக மாறிவிடுகிறது.

ஏழைகள் மீது நிகழ்த்தப்பெறும் ஆய்வுகள் அனைத்தும் இத்தகையன அல்ல. அதே திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் நிறுவனம் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதயத் தடுக்கிதழை உருவாக்கியது. முடக்குக் காய்ச்சலால் இதயம் பழுதுற்ற ஏழைப் பிள்ளைகள், வெளிநாட்டுத் தடுக்கிதழின் விலையை எட்ட முடியாமல் இறப்பதைக் கண்டதில் பிறந்தது அவ்வாய்வு. முன்மாதிரிகள் அடுத்தடுத்துத் தோற்றன. பூஜப்புரை ஆய்வகத்தில் ஆடுகளிடத்துச் சோதித்த பின்னரே 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைப் பெற்றுள்ளனர். முதலிற் பெற்றவர் இங்கும் இடரை ஏற்றவரே. ஆனால் வினா அவருடைய நோயிலிருந்து பிறந்தது. விடையும் அவரையொத்தாரிடமே திரும்பிச் சென்றது. வாய்ப்புற்று மருந்தின் வழக்கில் வினா வேறிடத்தில் பிறந்து, உடலைத் தேடி இங்கு வந்தது. ஏழையின் உடலைத் தொட்டதா இல்லையா என்பதை விட, வினா யாருடையது என்பதே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

இசைவும் சொல்லும்

திருவனந்தபுரத்து நிகழ்வுக்குப் பின்னர் விதிகள் பல வந்தன. ஆய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிதல் 2009 முதல் கட்டாயமாயிற்று. உச்ச நீதிமன்றத் தலையீட்டைத் தொடர்ந்து, நலிவுற்ற நிலையிலுள்ளோர் புதிய மருந்தாய்வில் இசைவு தருவதை ஒளி ஒலிப் பதிவு செய்யும் விதி வந்தது. 2019இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்கம் அளிக்கப்பட வேண்டும் என்பதை இவையெல்லாம் வலியுறுத்துகின்றன. ஆயினும் மொழி என்பது எழுத்துருவை மாற்றுவதோடு முடிந்துவிடுவதன்று. தமிழாய்வு உலகம் பெரிதும் கருத்திற்கொள்ளாத ஒரு பணி இவ்விடத்தில் காத்துக்கிடக்கிறது.

இசைவுப் படிவங்களின் தமிழில் ‘சோதனை’ என்னும் சொல் பெருவழக்கு. நோயாளியின் காதில் இச்சொல் இரத்தச் சோதனை, சிறுநீர்ச் சோதனை என்றே விழும். நோயைக் கண்டறியத் தம் பொருட்டுச் செய்யப்படும் ஒன்று எனவே அவர் கொள்வார். ‘உங்களைச் சோதனைக்கு உட்படுத்துகிறோம்’ என்றால் அவர் மகிழ்ந்து தலையசைக்கவும் கூடும். மருந்தைச் சோதித்தல், ஆளைச் சோதித்தல் என்னும் இருவேறு செயல்களை ஒரே சொல் மூடி மறைத்துவிடுகிறது. ‘ஆய்வு’ என்றால் அரசு அலுவலரின் மேற்பார்வை நினைவுக்கு வருகிறது. புதிய மருந்து பெறாத பிரிவைக் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என மொழிபெயர்ப்பதும் அவ்வாறே. பத்தியத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் அறிந்த ஒருவர்க்கு அத்தொடர் உணவுக் கட்டுப்பாட்டையோ வேறொன்றையோ உணர்த்துமேயன்றி, தமக்கு மருந்து கிடைக்காமற் போகலாம் என்பதை உணர்த்தாது. ‘சீரற்ற ஒதுக்கீடு’ என்பதில் ‘ஒதுக்கீடு’ சலுகையை நினைவூட்டுகிறது. ‘சீட்டுக் குலுக்கிப் போடுவோம், உங்கள் சீட்டில் விழுவதைப் பொறுத்துப் புது மருந்தோ பழைய மருந்தோ தருவோம், எது நல்லது என்று எங்களுக்கே இன்னும் தெரியாது’ என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்கும். கலைச்சொல்லின் மாண்பு குறைந்துவிடும் என்று அஞ்சி இவ்வாறு எழுதத் தயங்குவோர் உளர். அத்தயக்கத்தின் விலையை நோயாளியே தருகிறார்.

ஒப்புதல், இசைவு, சம்மதம் ஆகிய மூன்றும் அகராதியில் ஒருபொருட் சொற்களாகத் தோன்றலாம். வழக்கில் ‘ஒப்புதல்’ என்பது குற்றத்தை ஒப்புக்கொள்ளுதலையும் மேலதிகாரி கோப்பில் தரும் அனுமதியையும் சுட்டுகிறது. ‘சம்மதம்’ திருமணப் பேச்சில் இரு குடும்பங்களும் கூடித் தருவது. அறுவைக்குக் கையொப்பமிடச் சொன்னால் ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று பெண்கள் கூறுவது இதனோடு தொடர்புடையது. இதனை அறியாமை என்று கொள்ளும் ஆய்வாளர், கணவரிடமே கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அது சுற்றத்தோடு கலந்து முடிவெடுக்கும் முறை என்று உணர்பவர், கலந்து பேசுதற்கு நாள் கொடுத்துப் பின் அப்பெண்ணிடமே கேட்பார். தனியாள் உரிமையை மட்டும் அடிப்படையாகக் கொண்ட மேலைநாட்டு அறவியலும் இந்த இடத்தில் தமிழ்ச் சூழலிடமிருந்து கற்றுக்கொள்ளக் கூடும்.

தம்பானூரில் இறங்கி வரும் தமிழ் நோயாளிக்கு இன்னொரு தடையும் உண்டு. மருத்துவர் மலையாளத்தில் பேசுகிறார். படிவம் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. இடையே நின்று விளக்குபவர் உடன் வந்த உறவினர். மலையாளத்தில் அவரைக் ‘கூட்டிருப்புகாரர்’ என்பர். வள்ளுவர் நான்காவதாக வைத்த ‘உழைச்செல்வான்’ நோயாளியின் பக்கத்தில் இருந்து மருத்துவத்தைச் செயற்படுத்துபவன். இன்றைய உழைச்செல்வாருக்கு மொழிபெயர்க்கும் பணியும் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கான சொற்களை மட்டும் எவரும் அவருக்குத் தரவில்லை. ‘கையெழுத்துப் போட்டால்தான் வைத்தியம் பார்ப்பார்களாம்’ என்று அவர் சொல்லிவிட்டால், பல பக்கங்களில் அச்சிடப்பட்ட உரிமைகள் அந்த ஒரு தொடருக்குள் சுருங்கிவிடுகின்றன. ஒளிப்பதிவுக் கருவி அவர்கள் தலையசைத்ததைப் பதிவு செய்யும். எதற்குத் தலையசைத்தார்கள் என்பதை அறிய, அவர்கள் பேசும் தமிழைத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.